இருதயமேரி பையப் பாடிய ஆறு பாட்டு

தாராவி கிராஸ் ரோட்டுக்குப் பின்புறச் சந்தில் இருதயமேரியின் முகத்தைத் தெரியாதவர்கள் இருக்கலாம். குரலைத் தெரியாதவர்கள் கிடையாது. காலையில் மகள் லிசாவை எழுப்ப அவள் ஒரு சத்தம் கொடுத்தால், அடுத்த சந்தில் வேறு இரண்டு லிசாக்கள் எழுந்து உட்காருவார்கள். செம்பூரில் ஒரு பள்ளிக்கூட பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலை அவளுக்கு. பஸ் தெருமுனை திரும்பும்போதே ஏழாவது மாடிக்குக் கேட்கிற மாதிரி கூப்பிடுவாள். டிரைவர் ஹாரனைத் தொட்டு வருஷக்கணக்காகிறது.

திருநெல்வேலிக்குத் தெற்கேயிருந்து இரண்டு வயதில் அப்பா அம்மாவோடு வந்தவள். இப்போது நாற்பத்தாறு. கணவர் சாஜன் தோல் பைப் பட்டறையில் தோல் வெட்டுகிறவர். அவருக்குப் பேச்சு குறைவு. யாராவது அதைப் பற்றிக் கேட்டால், "ஒரு வீட்டுக்கு ஒரு ரேடியோ போதும்" என்பார். லிசா வாஷியில் ஒரு கூரியர் ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். தமிழ் நன்றாகப் பேசுவாள். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொன்னால் தலையைச் சொறிவாள்.

மேரியின் குரலுக்குப் பஸ்ஸைவிடப் பெரிய வேலை ஒன்று இருந்தது. சந்துப் பெண்கள் சேர்ந்து வார்டு ஆபீசுக்குக் கோரிக்கை ஊர்வலமாக, மோர்ச்சா போகும்போதெல்லாம் அவள்தான் முன்னால் நிற்பாள். மைக் கிடையாது. ஒரு பிளாஸ்டிக் டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு இருவர் தட்ட, மேரி சொந்தமாகக் கட்டிய பாட்டைக் கத்திப் பாடுவாள். மெட்டு என்று தனியாக ஒன்றுமில்லை, சத்தம்தான் மெட்டு. அதில் ஊருக்கெல்லாம் தெரிந்தது பொதுக் கழிப்பிடத்தைப் பற்றிய பாட்டு.

*கக்கூசுக்குக் கதவு இருபது போட்டாவ,*
*எட்டுக் கதவுக்குத்தான் தாழ்ப்பாப் போட்டாவ,*
*எட்டுல மூணுக்குத்தான் லைட்டுப் போட்டாவ,*
*எம்மவ எதுல போவா, சொல்லுங்க!*

கடைசி 'சொல்லுங்க'வை அறுபது பெண்கள் சேர்ந்து எட்டுத்தரம் கத்துவார்கள். டிரம் அதிரும்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மழை தொடங்குகிற ஜூன் மாதத்தில், அப்படி ஒரு மோர்ச்சாவில் ஐந்தாவது 'சொல்லுங்க'வில் மேரியின் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி முயற்சி செய்தாள். காற்று மட்டும் வந்தது. பின்னால் நின்ற பெண்கள் அவள் வேண்டுமென்றே நிறுத்திக் காட்டுகிறாள் என்று நினைத்து இன்னும் உரக்கக் கத்தினார்கள். அவள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றாள்.

முனிசிபல் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது குரல்நாணில் ஒரு சின்ன முடிச்சு இருப்பதாகச் சொன்னார்கள். பயப்பட ஒன்றுமில்லை, எடுத்துவிடலாம். ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு பதினைந்து நாள் ஒரு வார்த்தை பேசக்கூடாது, அதற்கப்புறம் ஆயுசுக்கும் கத்தக்கூடாது என்றார் டாக்டர். மேரி பேனாவை வாங்கி ஒரு காகிதத்தில் எழுதி அவரிடம் நீட்டினாள். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. சாஜன் வாசித்து அவருக்கு ஹிந்தியில் சொன்னார்:

"கத்தாம எப்படிப் பேசுகதுன்னு கேக்கா."

அந்தப் பதினைந்து நாளும் வீட்டில் நடந்த கூத்தை லிசா இன்றும் சொல்லிச் சிரிப்பாள். அம்மா எழுதுவதை அவளால் வேகமாகப் படிக்க முடியாது. அப்பாதான் வாசித்துச் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டு மட்டுமே இருந்த மனுஷனுக்குத் திடீரென்று பேச்சு கையில் கிடைத்துவிட்டது. மேரி காகிதத்தில் 'குழம்புல உப்பு கூட' என்று எழுதுவாள். சாஜன் அதை வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசிப்பார்:

"லிசா, அம்மா என்ன சொல்லுதான்னா, அப்பா வச்ச மீன் குழம்பு மாதிரி இந்தத் தாராவியிலயே கிடையாதாம்."

"டாடி, ஜூட்! பொய்! அவ்வளவு நீளமா அம்மா எழுதவே இல்ல!"

"சுருக்கெழுத்துடீ."

மேரி கரண்டியை எடுத்துக்கொண்டு எழுந்திருப்பாள். அடிக்கவும் முடியாமல், சிரிப்பையும் சத்தமாக விட முடியாமல், தோள் குலுங்கக் குலுங்கச் சுவரில் சாய்ந்துகொள்வாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தன் வீட்டுக்காரருக்கு இவ்வளவு குறும்பு உண்டு என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

பத்தாவது நாள் பக்கத்து வீட்டு மீனாட்சியம்மாள் பேடா டப்பாவோடு ஓடிவந்தாள். "ஏளா மேரி! பன்னெண்டு கதவுக்குத் தாழ்ப்பாப் போட்டுட்டானுவ! லைட்டும் ஆறு! நாங்க நேத்து வார்டு ஆபீசுல போயி உக்காந்துட்டோம்லா, எந்திரிக்கவே இல்ல!"

மேரி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பேடாவைத் தின்றாள். அவள் போனபின் காகிதத்தில் எதையோ எழுதிச் சாஜனிடம் கொடுத்தாள். 'நான் இல்லாமலே நடந்துட்டே.'

இதை அவர் உரக்க வாசிக்கவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "உன் பாட்டத்தான பாடிட்டுப் போனாளுவ" என்றார்.

ஆபரேஷன் முடிந்தவர்களுக்குப் பேசிப் பழக்க ஆஸ்பத்திரியில் ஒரு தனி அறை உண்டு. அங்கே மேரிக்குக் கிடைத்தவர் அம்மு மேடம். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்து, செம்பூரில் வாழ்க்கைப்பட்ட பாலக்காட்டுக் குடும்பத்துப் பெண். ஐம்பது வயதிருக்கும். முதல் நாள் மேரியை எதிரில் உட்காரவைத்து, "உங்க பேரைச் சொல்லுங்கோ. பைய" என்றார்.

மேரிக்குச் சிரிப்பு வந்தது. அம்மு ஏன் என்று சைகையில் கேட்டார். மேரி பதினைந்து நாளுக்கப்புறம் முதல்தடவையாக வாயைத் திறந்தாள். குரல் கரகரத்து, பஞ்சில் சுற்றியமாதிரி வந்தது. "எங்க பக்கமும் மெதுவாங்கிறதுக்கு 'பைய'ன்னுதான் மேடம் சொல்லுவோம்."

"அப்படியா? நான் அது எங்க பாலக்காட்டுச் சொத்துன்னு நெனச்சிண்டிருந்தேன்!"

அன்றைக்குப் பேர் சொல்லிப் பழகியதைவிட, இருவர் வீட்டிலும் வேறு என்னென்ன வார்த்தை ஒன்று என்று பேசிப் பார்த்ததுதான் அதிகம். அம்முவுக்கு அது போதும். நோயாளி பயமில்லாமல் பேச வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் மூன்று வாரமாகியும் மேரியின் குரல் ஒரு மட்டத்துக்கு மேல் நிலைக்கவில்லை. பேசத் தொடங்கினால் பழக்கத்தில் தொண்டையை இறுக்கினாள். "முனகிப் பாருங்கோ, ஒரு பாட்டு" என்றார் அம்மு. "கோயில் பாட்டு, சினிமாப் பாட்டு, எதுவானாலும் சரி."

"எனக்கு மோர்ச்சாப் பாட்டுத்தான் தெரியும் மேடம். அதக் கத்தித்தான் பாடணும்."

"கத்தாம பாடினா என்ன ஆகும்? பாத்துடலாமே."

மேரி கண்ணை மூடிக்கொண்டு கழிப்பிடப் பாட்டைத் தொடங்கினாள். டிரம் இல்லை, அறுபது பெண்கள் இல்லை, மேலே மின்விசிறி மட்டும் ஓடியது. தொண்டையை இறுக்காமல், மூச்சை விட்டு விட்டு, ஒவ்வொரு வரியாக இறக்கிவைத்தாள். சத்தத்தைக் கழித்துவிட்டால் பாட்டில் ஒன்றும் மிஞ்சாது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஆனால் 'எம்மவ எதுல போவா, சொல்லுங்க' என்ற இடத்துக்கு வந்தபோது, அது ஒரு தாய் எதிரில் இருக்கிற ஒருத்தரிடம் கேட்கிற கேள்வியாக இருந்தது. இத்தனை நாள் அதை எவரிடமும் அவள் கேட்டதில்லை. எல்லாரையும் பார்த்துக் கத்தியிருக்கிறாள்.

குரல் தேறுவதைப் பார்க்க அம்மு தினமும் போனில் பதிவு செய்வது வழக்கம். போனை நிறுத்திவிட்டு, "மேரி, இதை எங்காத்துக்காரர் கேக்கலாமா? உங்களுக்குச் சம்மதம்னா மட்டும்" என்றார்.

அம்முவின் கணவர் கேஷவ் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்ப்பவர். மாட்டுங்காவில் காலேஜ் நாளில் கிட்டார் கற்றுக்கொண்டார். அதற்கப்புறம் ஆபீஸ் ஆண்டு விழாக்களில் அதே நான்கு ஹிந்திப் பாட்டை வாசித்துக்கொண்டு முப்பது வருஷத்தை ஓட்டிவிட்டார். அந்தப் பதிவைக் கேட்ட அன்றைக்குச் சாயங்காலமே மேலே பரணிலிருந்து கிட்டாரை இறக்கிப் புதுக் கம்பி போட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேரியையும் சாஜனையும் வீட்டுக்கு வரச் சொன்னார்கள்.

பாட்டு மொத்தம் ஐந்து இருந்தது. கழிப்பிடம், தண்ணீர், மழைக்காலத்துச் சாக்கடைக்குள் இறங்குகிறவர், வீட்டுச் சுவரில் சர்வேக்காரர்கள் எழுதிவிட்டுப் போன நம்பர், நாள் முழுக்க ஊராரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு தன் பிள்ளையைப் பூட்டிவைத்துவிட்டு வரும் அம்மா. கேஷவ் ஒவ்வொன்றுக்கும் கம்பியில் விரலை ஓட்டிப் பார்த்தார். மேரியின் குரல் எழும்புகிற அளவுக்கு மேலே கிட்டார் போகாமல் அடக்கி வாசித்தார். முதல் நாள் அவர் ஒரே ஒரு விஷயத்தில்தான் தடங்கல் சொன்னார்.

"அந்த முதல் வார்த்தை... 'கழிப்பறை'ன்னு போட்டா கொஞ்சம் டீசண்டா இருக்குமோ?"

"கழிப்பறைன்னா அதுல தாழ்ப்பா இருக்கும் சார்" என்றாள் மேரி. "எங்க சந்துல இருக்கது கக்கூஸ்தான்."

கேஷவ் சிரித்துவிட்டார். வார்த்தை நின்றது. ஆனால் மேரி தானாகவே இன்னொன்றை மாற்றினாள். எட்டுக் கதவு என்பதைப் பன்னிரண்டு என்று ஆக்கினாள். விளக்கு மூன்று என்பதை ஆறாக்கினாள். போட்டது போட்டதுதான், பாட்டில் பொய் சொல்லக்கூடாது என்பது அவள் கட்சி. தாளம் இடிக்கிறதே என்று கேஷவ் முகத்தைச் சுருக்கினார். "கார்ப்பரேஷன் போட்ட தாழ்ப்பாளும் இடிக்கத்தான் செய்யிது சார்" என்று சாஜன் ஓரத்திலிருந்து சொன்னார்.

கேஷவும் இங்கிலீஷ் மீடியம். தமிழ் எழுத்து அவருக்கும் தகராறு. அதனால் லிசா எல்லாப் பாட்டையும் ஹிந்தி எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். தமிழ்ப் பாட்டை, தமிழ்ப் பெண் ஹிந்தியில் எழுத, தமிழ்க்காரர் ஹிந்தியில் படித்து வாசித்தார். தாழ்ப்பாள் என்று எழுத அந்த 'ழ'வுக்கு எங்கே போவது என்று லிசா கேட்டதற்கு, அரைமணி நேரம் மற்ற நால்வரும் சண்டை போட்டார்கள்.

படுக்கையறைதான் ஸ்டுடியோ. சத்தம் எதிரொலிக்காமல் இருக்க அம்முவின் புடவை பீரோவைத் திறந்துவைத்து, அதற்கு முன்னால் மைக்கை நிறுத்தினார்கள். மேரி பீரோவுக்குள் தலையை நீட்டிக்கொண்டு, காஞ்சிபுரம் பட்டுகளைப் பார்த்துப் பாடினாள். ஞாயிறு மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை செம்பூர் தூங்கும். அப்போதும் பழைய பேப்பர்காரன் வருவான். யார் வீட்டிலோ குக்கர் விசில் அடிக்கும். ஒரு தரம் மிக நன்றாக வந்த பாட்டின் கடைசி வரியில் சாஜன் தும்மினார். அதற்கப்புறம் அவரைச் சமையலறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்கள். அங்கே உட்கார்ந்து வாழைக்காய் சீவி, அம்முவிடம் வறுவல் போடக் கற்றுக்கொண்டார்.

ஆறாவது பாட்டு இப்படி வந்துபோனதில் பிறந்ததுதான்.

கேஷவ் வீடு ஐந்தாவது மாடி. கட்டடத்தில் இரண்டு லிஃப்ட். மேரி முதல் தடவை வந்த அன்றே, கீழே வாட்ச்மேன் வாசிம் அவளையும் சாஜனையும் தடுத்து, தலையைக் குனிந்துகொண்டு, "மௌசி, பீச்சே வாலா லிஃப்ட்" என்று பின்பக்கம் கையைக் காட்டினான். முன்லிஃப்ட் பக்கத்தில் பித்தளைப் போர்டு இருந்தது: குடியிருப்பவர்களும் விருந்தினரும் மட்டும். பின்லிஃப்டில் குப்பை டப்பாவும் ஒரு சைக்கிளும் பாத்திரம் தேய்க்க வந்த ஒரு பெண்ணும் இருந்தார்கள். மேரி அவர்களோடு ஏறிக்கொண்டாள். மேலே போய் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று ஞாயிறும் அப்படியே.

நான்காவது ஞாயிறு, "சார், புதுசா ஒண்ணு கட்டியிருக்கேன்" என்றாள். லிசா எழுதிய தாளைக் கேஷவ் முன்னால் வைத்துக்கொண்டார். மேரி பாடினாள்.

*பாத்திரம் தேய்க்க வந்தா பின்னால லிஃப்டு,*
*பாயசம் குடிக்க வந்தா முன்னால லிஃப்டு,*
*ரெண்டும் போய் நிக்கிறது அஞ்சாம் மாடி.*
*கரண்டு போனா ரெண்டு பேருக்கும்*
*படிக்கட்டு ஒண்ணுதான்.*

கேஷவ் ரசித்துத் தலையாட்டிக்கொண்டே வாசித்தார். 'அஞ்சாம் மாடி' என்ற இடத்தில் விரல் நின்றது.

"மேரி, உங்களையா? இங்கயா?"

"வாசிம் பாவம் சார். அவன்மேல கோவிக்காதீங்க."

கேஷவ் கிட்டாரைக் கட்டில்மேல் வைத்தார். அம்மு எழுந்து ஜன்னல் பக்கம் போனார், காது சிவந்திருந்தது. "நாலு வாரமாச்சு. நீங்க ஏன் சொல்லலை?"

"இப்பச் சொல்லிட்டேன்லா" என்றாள் மேரி.

அன்று இறங்கும்போது கேஷவும் அம்முவும் அவர்களோடு பின்லிஃப்டில் இறங்கினார்கள். அந்த வீட்டில் பதினெட்டு வருஷம் குடியிருந்து, அந்த லிஃப்டில் அன்றைக்குத்தான் முதல்முறையாக ஏறினார்கள். அதன் உள்ளே மின்விசிறி இல்லை என்பதைக் கேஷவ் கவனித்தார்.

தீபாவளி கழிந்து ஆறு பாட்டும் முடிந்தன. மொத்தம் இருபத்தாறு நிமிஷம். தொகுப்புக்கு என்ன பெயர் வைப்பது என்று பெரிய யோசனையே தேவைப்படவில்லை. 'பைய' என்று அம்மு சொன்னார். லிசா தன் போனில் ஒரு படம் எடுத்தாள்: திறந்த பீரோ, புடவைகள், அதற்குள் நீண்டிருக்கும் அம்மாவின் பின்தலை. அதுவே அட்டைப்படம். இன்டர்நெட்டில் ஏற்றினார்கள்.

சந்துக்காரர்களுக்கு ஒருமுறை எல்லாரையும் கூட்டிவைத்துப் போட்டுக்காட்ட வேண்டும் என்று மேரிக்கு ஆசை. ஒரு ஞாயிறு மதியம் சின்ன ஸ்பீக்கர் ஒன்றைத் தண்ணீர் டாங்கியின் மேல் வைத்துத் தொடங்கினார்கள். ஒன்றும் கேட்கவில்லை. டிவி, மிக்சி, எதிரில் டேனியின் பட்டறையில் ஆறு தையல் மெஷின். மீனாட்சியம்மாள் காதைக் கொண்டுபோய் ஸ்பீக்கரில் ஒட்டி, "ஏளா, மூச்சு வாங்குற சத்தம்தான் கேக்கு" என்றாள். மேரியின் முகம் வாடிவிட்டது. பழைய மேரியாக இருந்தால் ஒரு அதட்டில் எல்லாவற்றையும் அடக்கியிருப்பாள்.

சாஜன் எழுந்தார். எதிர்ப் பட்டறைக்குள் போனார். என்ன பேசினாரோ, ஒவ்வொரு மெஷினாக நின்றது. பிறகு சந்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் வீடு வீடாகத் தலையை நீட்டி, "இருபத்தாறு நிமிஷம், தயவுசெஞ்சு" என்று கேட்டுக்கொண்டே போனார். பதினைந்து வருஷமாக அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை கேட்டிராத வீடுகளும் அதில் உண்டு. அந்த ஆச்சரியத்திலேயே டிவியை அணைத்தார்கள். டேனி வெளியே வந்து நூல் ஒட்டிய சட்டையோடு படியில் உட்கார்ந்தார். அந்தச் சந்தில் அப்படி ஒரு அமைதி ஊரடங்குக் காலத்திலும் இருந்ததில்லை.

பாட்டு ஓடியது. பன்னிரண்டு கதவு வந்தபோது பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். சாக்கடைக்குள் இறங்குகிறவர் பாட்டில், கழிவுநீர் வேலைக்குப் போகிற வெயிலுமுத்து தலையைக் குனிந்துகொண்டார். அவர் மனைவி அவர் முதுகில் கையை வைத்தாள். லிஃப்ட் பாட்டுக்கு, செம்பூருக்கும் மாட்டுங்காவுக்கும் வீட்டு வேலைக்குப் போகிற அத்தனை பெண்களும் விழுந்து விழுந்து சிரித்ததில் மறுபடி அதை முதலிலிருந்து போட வேண்டியதாயிற்று.

முடிந்ததும் மீனாட்சியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இத்தன வருசமா இதையாடீ நாம கத்திக்கிட்டுத் திரிஞ்சோம்? எனக்கு வார்த்தை இன்னைக்குத்தான் கேட்டுச்சு."

செம்பூர்க் கட்டடத்தில் விஷயம் அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. அம்மு இரண்டு முறை குடியிருப்போர் சொசைட்டிக் கூட்டத்தில் லிஃப்ட் போர்டைப் பற்றிப் பேசினார். செயலாளர் திருவேங்கடம் ரயில்வேயில் ரிடையரானவர், எழுபத்து நான்கு வயது, விதி என்றால் விதி. "செக்யூரிட்டி விஷயம்மா. ஒருத்தருக்கு மாத்தினா எல்லாருக்கும் மாத்தணும்" என்று முடித்துவிட்டார். எல்லாருக்கும் மாற்றத்தான் சொல்கிறோம் என்று அம்மு சொன்னது அவர் காதில் ஏறவில்லை. உண்மையாகவே அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்.

ஜனவரி இருபத்தாறாம் தேதி காலையில் கட்டட வாசலில் கொடியேற்றுவார்கள். பிள்ளைகள் பாடுவார்கள், உப்புமாவும் ஜிலேபியும் கொடுப்பார்கள். அந்த வருஷம் கேஷவ் கிட்டார் வாசிப்பார், அவரோடு ஒருவர் பாடுவார் என்று மட்டும் நிகழ்ச்சியில் எழுதியிருந்தது. மேரி நீலச் சுங்குடிப் புடவையில் வந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிலர், "பஸ் ஆன்ட்டி!" என்று ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுடைய அம்மாக்கள் அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார்கள்.

அவள் பாடத் தொடங்கியதும் திருவேங்கடத்துக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்வரிசைக்கு வந்தார். அங்கேயும் சரியாகக் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்து, மேரியின் முழங்காலுக்கு எதிரிலேயே போட்டு உட்கார்ந்து, காது மெஷினைத் திருகிக்கொண்டு, அவள் வாயையே பார்த்தார். மேரிக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டு அவருக்கே பாடினாள். 'கரண்டு போனா ரெண்டு பேருக்கும் படிக்கட்டு ஒண்ணுதான்' என்றபோது அவர் தொடையைத் தட்டிக்கொண்டு உரக்கச் சிரித்தார்.

"பேஷ்! பேஷ்! சரியாச் சொன்னேம்மா! எந்த பில்டிங்ல இப்படி அநியாயம்?"

காது மந்தமானவர்கள் பேசுகிற சத்தத்தில் அது வந்தது. பிறகு இரண்டாம் மாடியிலிருந்து ஒருவர் சிரித்தார், அப்புறம் எல்லாரும். திருவேங்கடம் திரும்பிப் பார்த்தார். வாசிம் கொடிக்கம்பத்தருகே நின்று, போர்டுக்கு எதிர்த்திசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான். கிழவருக்கு மெல்லப் புரிந்தது. முகம் கறுத்தது, எழுந்து போய்விடுவார் என்று அம்மு பயந்தார். அவர் எழுந்தார். மேரிக்கு ஒரு தட்டில் ஜிலேபி எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார்.

"முன்னாலேயே யாராவது என் காதுகிட்ட வந்து சொல்லியிருக்கலாம்" என்றார்.

"இப்பவும் நீங்கதான சார் கிட்ட வந்தீங்க" என்றாள் மேரி.

மார்ச் மாதக் கூட்டத்தில் போர்டை எடுக்கத் தீர்மானம் போட்டார்கள். நான்கு வீட்டுக்காரர்கள் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். அவர்களில் இருவர் இன்றும் மீன்காரப் பெண் முன்லிஃப்டில் ஏறினால் அடுத்ததற்குக் காத்திருக்கிறார்கள். காத்திருக்கட்டும் என்று திருவேங்கடம் சொல்லிவிட்டார். பின்லிஃப்டில் மின்விசிறி மாட்டியாயிற்று.

பாட்டைக் கேட்டவர்கள் லட்சக்கணக்கில் ஒன்றுமில்லை. சில ஆயிரம் பேர். ஆனால் எங்கெங்கிருந்தோ செய்தி வந்தது. தாணேயில் வீட்டு வேலை செய்யும் பெண்கள் சங்கம் ஒன்று ஆண்டுக்கூட்டத்துக்கு வந்து பாடச் சொல்லிக் கூப்பிட்டது. அதுதான் மேரி மேடையேறப் போகிற முதல் நிகழ்ச்சி. சந்திலிருந்து பதினைந்து பெண்கள் நாங்களும் வருவோம் என்று கிளம்பிவிட்டார்கள். சயானில் ஞாயிறு காலை தாணே வண்டியைப் பிடித்தார்கள். கேஷவும் சாஜனும் ஜென்ட்ஸ் பெட்டியில். மேரியும் அம்முவும் மற்றவர்களும் லேடீஸில்.

குர்லா தாண்டியதும், வழியில் ஒரு தரம் பாடிக்காட்டு என்று எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். மேரி தண்ணீர்ப் பாட்டை எடுத்தாள். வண்டிச் சத்தத்தில் அவள் குரல் எதிர் சீட்டைத் தாண்டவில்லை. "என்ன, என்ன?" என்றார்கள் பின்னால். அம்மு திரும்பி அந்த வரியைப் பின்சீட்டுக்குச் சொன்னார். பின்சீட்டு அதற்குப் பின்சீட்டுக்குப் பாடியது. மேரி ஒரு வரி பாடி நிறுத்துவாள். அந்த வரி கையிலிருந்து கைக்குப் போகிற குடம் மாதிரி பெட்டியின் கடைசி வரைக்கும் போய்ச் சேரும். கதவோரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற மீனாட்சியம்மாள் அதை வாங்கி, வெளியே ஓடுகிற காற்றுக்கு உரக்கப் பாடுவாள். கூடையோடு இருந்த மராட்டிப் பெண்கள் அர்த்தம் தெரியாமலே தாளம் போட்டார்கள்.

*பைப்புல வருது வெறுங்காத்து,*
*காத்தக் குடத்துல மோக்கலாமா?*
*எப்பத் தொறப்பாவ தண்ணிய?*

கடைசி வரி மேரியிடமிருந்து புறப்பட்டு, நான்கு சீட்டுத் தாண்டி, விக்ரோளி ஸ்டேஷன் இரைச்சலுக்குள் புகுந்து, கதவுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து மீனாட்சியம்மாள் பாடியது இப்படிக் கேட்டது:

*எப்பத் தொறப்போம் தண்ணிய?*

"தப்பு, தப்பு!" என்று அம்மு சிரித்துக்கொண்டே எழுந்தார். "தொறப்பாவ! தொறப்போம் இல்லை!"

மேரி அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். அந்த வரியை வாய்க்குள்ளேயே இரண்டு தரம் பாடிப் பார்த்தாள். பிறகு கைப்பையிலிருந்து தாளை எடுத்து, ஆடுகிற வண்டியில் முழங்கால்மேல் வைத்து, பழைய வார்த்தையை அடித்துவிட்டுப் புதியதை எழுதிக்கொண்டாள். அன்று தாணே மேடையில் அப்படித்தான் பாடினாள்.